மதிலுக்குள் ஓர் ஊர், கடலுக்கு அப்பால் அதன் காகிதங்கள்

தரங்கம்பாடியில் பேருந்தை விட்டு இறங்கிக் கடலை நோக்கித் திரும்பினால் முதலில் கண்ணில் படுவது வெள்ளையடித்த பழைய நுழைவாயில். அதன் மேல் டேனிஷ் மன்னரின் முத்திரையும் 1792 என்ற ஆண்டும் இருக்கின்றன. அந்த வாயிலைத் தாங்கி நின்ற நகர மதிலில் பெரும்பகுதி போய்விட்டது. ஆட்டோவும் மீன் கூடை ஏற்றிய வண்டியும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளும் இன்றும் அந்த வளைவுக்கு அடியில்தான் நுழைந்து வருகின்றன. உள்ளே நேராகப் போகும் இராஜ வீதி, டேனிஷ் கோட்டைக்கு முன்னால் இருக்கும் திடலில் போய் முடிகிறது. நடந்தே கடந்துவிடக்கூடிய தூரம்தான்.

கிரெகர்ஸ் டா டிரெலுண்ட் என்ற டேனியர் 1733-ல் இந்த ஊரின் வரைபடம் ஒன்றை வரைந்தார். தெருத்தெருவாக, மனைமனையாக அளந்து போட்ட படம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு இப்போதும் ஊருக்குள் நடக்கலாம். இராஜ வீதி, இராணி வீதி, பொற்கொல்லர் தெரு என்று தெருக்களின் போக்கு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய வரைபடம் இன்றைக்கும் பொருந்தும் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

இப்படி ஓர் ஊர் நிலைத்ததற்குக் காரணம் யாரோ அக்கறையோடு காத்தது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அதன் வீழ்ச்சிதான் அதைக் காத்தது. 1845-ல் டென்மார்க் அரசு தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றது. அதன் பிறகு சில ஆண்டுகள் தஞ்சை மாவட்ட ஆட்சியரின் தலைமையிடமாக இருந்த பெருமை மிஞ்சியது. 1860 வாக்கில் அதுவும் போனது. நாகப்பட்டினத்துக்கு 1861-ல் ரயில் வந்ததும் வணிகர்களும் கப்பல்களும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். பணம் வந்துகொண்டே இருந்திருந்தால் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டியிருப்பார்கள். பணம் வரவில்லை, வீடுகள் நின்றன.

ஒரு சிற்றூரின் வரலாற்றைத் தேடப் புறப்படுகிறவர்கள் வழக்கமாக ஊரில் எடுப்பாகத் தெரியும் பழைய கட்டடத்திலிருந்துதான் தொடங்குவார்கள். இங்கே அப்படித் தொடங்கினால் கோட்டையில் போய் நிற்போம். ஆனால் கோட்டையைவிட மூன்று நூற்றாண்டு மூத்த சான்று அதற்குப் பக்கத்திலேயே கடலோரம் இருக்கிறது. மாசிலாமணிநாதர் கோயிலில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு உண்டு. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. டேனியர் வந்திறங்கியபோது இது வெறும் மணல்திட்டாக இருக்கவில்லை, வணிகம் நடந்த பட்டினமாகவே இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துக் கொண்டுபோய்விட்டது. அலை தொட்டு நின்ற பழைய கட்டுமானத்தின் படங்களைப் பார்த்தவர்களுக்கு, ஒரு கல்வெட்டை உரிய காலத்தில் படி எடுத்து வைப்பது எவ்வளவு அவசரமான வேலை என்று விளங்கும்.

படி எடுப்பது பெரிய கருவி எதுவும் கேட்காத வேலை. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த காகிதத்தை அதன்மேல் பரப்பி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிகளுக்குள் காகிதத்தை இறக்குவார்கள். பிறகு மை தோய்த்த பஞ்சுப் பொதியால் மேலே ஒற்றினால் மேடு கறுத்துவிடும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். கல்லில் கண்ணுக்குத் தட்டுப்படாத எழுத்துகூட காகிதத்தில் வாசிக்கக் கிடைக்கும். 1887 முதல் அரசுக் கல்வெட்டுத் துறை இப்படி ஊர் ஊராகப் போய் எடுத்தவற்றின் விவரங்கள் ஆண்டறிக்கைகளாக வெளிவந்திருக்கின்றன. தன் ஊர்க் கோயிலின் பெயர் அவற்றில் இருக்கிறதா என்று பார்ப்பது எந்த ஊர்க்காரருக்கும் நல்ல முதல் படி. திருப்பணி என்ற பெயரில் சுவரைச் சுரண்டுவதற்கும் மணலை வீசித் தேய்ப்பதற்கும் முன்பாகவே அதைச் செய்துவிட வேண்டும். தேய்ந்த எழுத்தை எந்தத் துறையாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

டேனிஷ் காலம் 1620-ல் தொடங்குகிறது. ஓவே கெட் என்ற இளம் தளபதி கப்பல்களோடு வந்து, தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகை. கோட்டை கட்டிக்கொள்ளவும் வணிகம் செய்யவும் அனுமதி. டென்மார்க் மன்னருக்கு நாயக்கர் பொன் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. டேனிஷ் வணிக நிறுவனங்களின் ஆவணத் தொகுதியை யுனெஸ்கோ 1997-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. தரங்கம்பாடியின் கணக்குகளும் கடிதங்களும் அந்தத் தொகுதிக்குள்தான் இருக்கின்றன. ஆக, ஊர்க்காரர்கள் எட்டிப் பார்க்க முடியாத ஒரு நகரத்தில் இந்த ஊரின் நினைவு பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

மீதி நினைவு ஜெர்மனியில் இருக்கிறது. 1706 ஜூலையில் சீகன்பால்கு, புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மானியர்கள் மதப் பணிக்காகத் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் சீகன்பால்கு. இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் பற்றிக் குறிப்பு எழுதி 1708-ல் பட்டியல் போட்டார். அதே ஆண்டின் இறுதியில் டேனிஷ் ஆளுநரோடு ஏற்பட்ட மோதலில் கோட்டைச் சிறையில் நான்கு மாதம் அடைபட்டார். லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளும் வந்தன, ஆனால் அவை பெரிதாக இருந்ததால் காகிதத்தை விழுங்கின. ஊரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பாலாடைக்கட்டி அடைத்து வந்த உறைகளின் ஈயம் அதற்குப் பயன்பட்டது. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறை ஒன்றையும் தொடங்கினார்கள். பட்டறை நிலைக்கவில்லை. கடுதாசிப்பட்டறை என்ற இடப்பெயர் நிலைத்துவிட்டது. பழைய தொழில் நடந்த இடத்தைத் தேடுகிறவருக்கு இப்படிப்பட்ட பெயர்கள் கல்வெட்டுக்குச் சமமான துப்பு.

சீகன்பால்கு 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு விரிவான நூலை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்த மதத்தை ஒழிக்கப் போனவர் அதைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பதா என்று கருதி ஒதுக்கி வைத்தார்கள். 1867-ல்தான் அது சென்னையில் அச்சேறியது. இன்றைக்கு அது பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் ஊர்த் தெய்வங்களையும் வழிபாட்டையும் அறிய உதவும் முக்கியமான ஏடு. வேண்டாம் என்று ஒதுக்கிய காகிதத்தையும் கிழித்துப் போடாமல் அடுக்கி வைத்தார்களே, அந்தப் பழக்கத்துக்காகவே அந்த ஆவணக் காப்பாளர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்தக் குவியலுக்குள் அதிகம் பேசப்படாத புதையல் ஒன்று இருக்கிறது. 1712 முதல் 1714 வரை மதப் பணியாளர்கள் கேள்விகளை எழுதி அனுப்ப, தமிழர்கள் பதில் கடிதம் எழுதினார்கள். கல்வி, மருத்துவம், திருமணம், வழிபாடு என்று பல விஷயங்களைப் பற்றிய பதில்கள். ஐரோப்பியர்களின் குடியையும் மாட்டிறைச்சி உண்பதையும் நடத்தையையும் முகத்துக்கு நேரே கேள்வி கேட்ட கடிதங்களும் உண்டு. அவை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ஹாலேயில் அச்சாயின. அச்சிட்டவர்கள் எழுதியவர்களின் பெயர்களைப் போடவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையோரத் தமிழர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்ன சொல் அது. ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் தமிழில் இருந்திருக்க வேண்டிய நூல்.

தரங்கம்பாடியின் வரலாற்றில் திரும்பத் திரும்ப உறுத்துவது இதுதான். வந்தவர்களின் பெயர்கள் பிறந்த ஊர், இறந்த நாள் வரை தெரிகின்றன. ஊரில் இருந்தவர்கள் பெயரின்றி ஓரத்தில் நிற்கிறார்கள். 1639-க்குப் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து இங்கே ஒரு கப்பல்கூடப் புறப்படவில்லை. கோட்டையில் இருந்த டேனியர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். 1655-ல் மிஞ்சியவர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்க என்ற சாதாரணப் பணியாள் ஒருவர்தான். உள்ளூர்க்காரர்களும் போர்த்துகீசிய வழிவந்த வீரர்களும் அவரையே தலைவராக ஏற்றுக்கொண்டார்கள். தஞ்சைப் படைக்கு எதிராக ஊரைச் சுற்றி மதில் எழுந்ததும் அவர் காலத்தில்தான். வங்கக் கடலில் கப்பல்களைப் பிடித்துக் கிடைத்த பணத்தில் காலம் ஓடியது. 1669-ல் டேனிஷ் கப்பல் வந்தபோது கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது.

டென்மார்க்கில் இது ஒரு தனி மனிதனின் வீரக் கதை. சற்று யோசித்தால், ஒரே ஒரு ஐரோப்பியர் தனியாக மதில் கட்டியிருக்க முடியாது. செங்கல் சுட்டவர்கள், சுண்ணாம்பு இடித்தவர்கள், காவல் நின்றவர்கள், அரிசி கொடுத்தவர்கள், வேண்டுமென்றால் தஞ்சைப் பக்கம் சாய்ந்திருக்கக்கூடியவர்கள் எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் ஏன் கோட்டை வீழாமல் பார்த்துக்கொண்டார்கள்? துறைமுகத்தால் அவர்களுக்கு இருந்த வருமானம் என்ன? தரங்கம்பாடியைப் பற்றி உள்ளூரில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் இவை. கோபன்ஹேகனில் இருந்து கேட்கிறவருக்கு இவை தோன்றாமல் போகலாம்.

தேடினால் சில பெயர்கள் கிடைக்கவும் செய்கின்றன. சீகன்பால்குக்கு உதவிய துபாஷி ஏடுகளில் அலெப்பா என்று வருகிறார். அழகப்பனாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பல ஐரோப்பிய மொழிகள் அறிந்த அவர் இல்லாவிட்டால் மேலே சொன்ன நூல்களில் பாதி பிறந்தே இருக்காது. 1733-ல் ஆரோன் என்ற தமிழர் இங்கே குருவாக அபிஷேகம் பெற்றார். இந்தியாவின் முதல் லுத்தரன் தமிழ்க் குரு அவர். பிற்காலத்தில் பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய வேதநாயகம் பிள்ளை முன்சீபாக அமர்ந்ததும் இந்த ஊரில்தான். டேனிஷ் ஆவணங்களில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இருக்கிறது. திருச்சபைகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் இருக்கின்றன. தாலுகா அலுவலகத்து நிலப் பதிவேடுகளும் பழைய மாவட்டக் கையேடுகளும் இருக்கின்றன. பெயரற்றவர்களுக்குப் பெயர் கிடைக்கும் இடங்கள் இவைதான். டேனிஷ் மொழி படித்த ஒரே ஒரு தமிழ் மாணவர் இந்த வேலைக்குக் கிடைத்தாலும் ஊருக்குப் பெரிய லாபம்.

கட்டடங்களின் கதை வேறு மாதிரிப் போயிற்று. கோட்டை வெகுகாலம் அரசின் பயணியர் மாளிகையாக இருந்து, 1970-களின் இறுதியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் கைக்கு வந்தது. இப்போது அங்கே அருங்காட்சியகம். டென்மார்க்கைச் சேர்ந்த தரங்கம்பாடி ஆர்வலர் சங்கம் கோட்டைப் பராமரிப்புக்குக் கை கொடுத்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அடித்தபோது, அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தரங்கம்பாடி மீனவர் குடியிருப்பு பேரிழப்பைச் சந்தித்தது. அதற்குப் பிறகுதான் இன்டாக் அமைப்பு டேனிஷ் நன்கொடை உதவியோடு பொற்கொல்லர் தெருவின் சாதாரண ஓட்டு வீடுகளைச் செப்பனிடத் தொடங்கியது. ஆளுநர் மாளிகையைப் போலவே திண்ணையும் முற்றமும் வைத்த தமிழ் வீடும் பாரம்பரியம்தான் என்று செயலால் ஒப்புக்கொண்ட முயற்சி அது. இந்தக் கட்டுரை அதற்கே முதல் மதிப்பெண் தரும்.

அந்தப் பணியில் கவனிக்கத்தக்கது சுண்ணாம்பு. பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டவை. பிற்காலத்தில் ஓட்டையும் விரிசலும் கண்டவர்கள் சிமென்ட் பூசினார்கள். கடற்கரை ஊரில் அது நஞ்சு. தரையிலிருந்து ஈரம் செங்கல்லுக்குள் ஏறும், அதோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். சிமென்ட் அதை அடைத்துக்கொள்கிறது. உள்ளே சிக்கிய உப்பு படிகமாக உறைந்து செங்கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கிறது. வெளியே பார்த்தால் வழவழப்பான சுவர், தட்டினால் உள்ளே மாவு. சிமென்டை உரித்தெடுத்து, சுண்ணாம்பை நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தி, மணல் சேர்த்து அரைத்து, பழைய முறைப்படி மீண்டும் பூச வேண்டும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பதும் மரபு. அதற்கான கை வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகிப்போன காலம் இது. ஒரு வீட்டைச் சீர்செய்யும்போதே நான்கு இளைஞர்கள் அந்த வேலையைக் கற்றுக்கொண்டால் அடுத்த வீட்டுக்கு ஆள் கிடைக்கும். பழைய வீடு வைத்திருப்பவர்கள், அது எந்த ஊராக இருந்தாலும், பூச்சு உதிர்ந்தவுடன் சிமென்ட் மூட்டைக்கு ஓடாமல் இருந்தால் போதும், சுவர் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும்.

கோட்டையும் தேவாலயங்களும் தப்பித்துவிட்டன. 1701-ல் கட்டிய சீயோன் ஆலயத்திலும், சீகன்பால்கின் கல்லறை இருக்கும் 1718-ஆம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயத்திலும் இன்றும் வழிபாடு நடக்கிறது. கேட்பாரற்றுக் கிடப்பது மதிலுக்கு வெளியே இருக்கும் ஊர். ஆழிப்பேரலைக்குப் பின் பல மீனவக் குடும்பங்கள் கரையை விட்டு உள்ளே தள்ளிக் கட்டிய புதிய குடியிருப்புகளுக்குப் போயின. பழைய குப்பத்தில் எந்த வீடு எங்கே இருந்தது, வலை காயப்போட்ட இடம் எது, கட்டுமரத்தை எந்த இடத்தில் இழுத்து ஏற்றினார்கள், எந்தக் காற்றுக்கு என்ன பெயர் என்பதெல்லாம் இன்னும் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. 1733-ல் ஒரு டேனியர் மதிலுக்குள் செய்த அளவு வேலையை மதிலுக்கு வெளியே செய்ய இப்போதும் அவகாசம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்துப் பாட்டியின் பக்கத்தில் உட்கார வைத்தால் குப்பத்தின் படம் வந்துவிடும்.

ஊருக்கு வந்த ரயிலின் நினைவும் அப்படித்தான். மயிலாடுதுறையிலிருந்து மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகத் தரங்கம்பாடிக்கு 1926-ல் தொடங்கிய ரயில் 1986-ல் நின்றது. தண்டவாளங்களும் போய்விட்டன. அறுபது ஆண்டுகள் மீன் கூடைகளும் கல்லூரி மாணவர்களும் திருக்கடையூர் பக்தர்களும் போன பாதை அது. அந்த வண்டியில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் இப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள், நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் எண்பதை நெருங்குகிறவர்கள். இவர்களைக் கேட்க டேனிஷ் தெரிய வேண்டாம், கப்பல் ஏற வேண்டாம், செல்பேசியில் ஒலிப்பதிவுப் பொத்தான் இருந்தால் போதும். வண்டி எத்தனை மணிக்கு வரும், கட்டணம் எவ்வளவு, யார் யார் எந்தப் பெட்டியில் உட்கார்ந்தார்கள், யாரை எங்கே உட்கார விடவில்லை, மழைக்காலத்தில் எந்தப் பாலத்தருகே வண்டி நின்றுபோகும், கடைசி நாளன்று நிலையத்துக்கு யார் வந்தார்கள் என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பேசியவர் பெயரையும் பேசிய தேதியையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்ல வைத்து, ஒரு பிரதியை ஊர் நூலகத்திலும் இன்னொன்றைப் பொறையார்க் கல்லூரியிலும் கொடுத்து வைக்கலாம்.